டெமோ அரி, டெமோ அரு: ஒன்றே இரண்டுமாய் இருப்பதை ஜப்பானியத்தில் சொல்வது

மோரி ஓகை (1862–1922) ராணுவ மருத்துவர், எழுத்தாளரும்கூட. இதை ஜப்பானியத்தில் ஒரே வாக்கியத்தில் சொன்னால்:

மோரி ஓகை வ குன்-இ டெமோ அரி, ஸக்க டெமோ அத்த.

இதைத் துண்டு துண்டாகப் பிரித்தால் தமிழ் கிட்டத்தட்ட அப்படியே கீழே வந்து உட்காரும். குன்-இ என்றால் ராணுவ மருத்துவர், டெ என்பது ‘ஆக’, மோ என்பது ‘உம்’, அரி என்பது தமிழ் ‘இரு’வுக்கு நிகரான ‘அரு’ என்ற வினையின் முடியாத வடிவம். மருத்துவர்-ஆக-உம் இருந்து, எழுத்தாளர்-ஆக-உம் இருந்தார். ‘உம்’ போய் ஒட்டும் இடம்கூட ஒன்றுதான். ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டென்று வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வடிவத்தைப் படிக்கும் தமிழருக்கு ஆதாயம்தான். இடறுவதும் அதே ஒற்றுமையால்தான்.

(வாசிக்கும் முறை: மோ, நோ இரண்டையும், உரேஷீ என்பதில் வரும் ரே-யையும் குறிலாக ஒலியுங்கள். ‘கு’ எங்கே வந்தாலும் ‘குடை’யில் வரும் கு; குன்-இ, கன்கொஸ, கெய்ஜுத்ஸு மூன்றின் முதல் எழுத்துக்கும் ஓகை, ஒயொகி இரண்டின் கடைசி எழுத்துக்கும் மட்டும் ‘தங்கம்’ என்பதில் வரும் க-வின் ஒலி.)

முதல் இடறல்: ‘இருக்கிறது’ என்பதற்கு ஜப்பானியத்தில் மனிதர் என்றால் ‘இரு’, பொருள் என்றால் ‘அரு’ என்று தொடக்க வகுப்பில் மனப்பாடம் செய்திருப்போம். அந்தப் பழக்கத்தில் ‘இஷ டெமோ இரு’ (இஷ: மருத்துவர்) என்று எழுதிவிடுவோம். தவறு. இங்கே இருப்பது ‘டெ அரு’ என்ற ஒரே சொல். ‘இன்னது ஆகும்’ என்று பொருள். அதன் நடுவில் மோ புகுந்து டெமோ அரு ஆகிறது. எங்கேயோ இருப்பதைச் சொல்லும் வினை அல்ல என்பதால் மனிதருக்கும் அரு, மலைக்கும் அரு.

அடுத்தது எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது. பெயர்ச்சொல்லுக்கும் ‘ந’ வகைப் பெயரடைக்கும் டெமோ: பென்ரி டெமோ அரி, கிகென் டெமோ அரு (வசதியானதும்கூட, ஆபத்தானதும்கூட). ‘இ’ வகைப் பெயரடைக்கு டெமோ வரவே வராது. கடைசி இ-யை எடுத்துவிட்டு ‘கு மோ’ போட வேண்டும். உரேஷீ என்ற சொல் உரேஷிகு மோ ஆகும்:

உரேஷிகு மோ அரி, ஸபிஷிகு மோ அரு.
மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, வெறுமையாகவும் இருக்கிறது.

தமிழில் எல்லாவற்றுக்கும் ‘ஆகவும்’ ஒன்றே போதும் என்பதால் ‘உரேஷீ டெமோ அரி’ என்று கை தானாக எழுதும். மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான். அடுத்தது கிரெய் (அழகான), கிரை (பிடிக்காத) போன்றவை: இ-யில் முடிந்தாலும் இவை ‘ந’ வகை. கிரெய் டெமோ அரி என்பதே சரி. ‘நல்ல’ என்னும் ஈ, யொகு மோ அரி ஆகும். இரண்டு பாதியும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதில்லை: ஷிஸுக டெமோ அரி, ஸபிஷிகு மோ அரு (அமைதியாகவும் இருக்கிறது, தனிமையாகவும் இருக்கிறது). அந்தந்தச் சொல்லுக்கு அதற்குரிய ஒட்டு, அவ்வளவே.

காலமும் மரியாதையும் கடைசியில் மட்டும். முதல் பாதி எப்போதும் அரி. இறந்தகாலம் என்றால் கடைசி அத்த. பணிவு என்றால் கடைசி அரிமஸு. முதல் பாதியிலும் ‘அத்த’ போட்டால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும். நேர்முகத் தேர்வில் குணம் பற்றிக் கேட்டால் கைகொடுக்கும் வாக்கியம் இது:

கன்கொஸ வ வதஷி நோ த்ஸுயொமி டெமோ அரி, யொவமி டெமோ அரிமஸு.
பிடிவாதம் எனக்குப் பலமும்தான், பலவீனமும்தான்.

யாரைப் பற்றிப் பேச்சோ அந்தச் சொல்லுக்குப் பின் ‘வ’ தான். அங்கேயும் மோ போட்டால் ‘அவரும்கூட மருத்துவராகவும்...’ என்று மூன்றாவது ‘உம்’ நுழைந்து பொருள் குழம்பும்.

வரிசையில் கவனம் வேண்டும். இலக்கணப்படி இரண்டும் சம எடை. ஆனால் காதில் தங்குவது பின்னால் வருவது. மகளின் திருமணத்தைப் பற்றிப் பேசும் தந்தை உரேஷிகு மோ அரி, ஸபிஷிகு மோ அரு என்றால் பிரிவுதான் தங்குகிறது. மாற்றிச் சொன்னால் மகிழ்ச்சியில் முடிகிறது. பேச்சிலும் கடிதத்திலும் இரண்டாவதையும் ‘அரி’ என்றே விட்டு, வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்துவதும் உண்டு. சொல்லாத மிச்சத்தைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார்.

எதிர்மறைக்கு அரி இருந்த இடத்தில் நகு, அரு இருந்த இடத்தில் நை. வசந்தகால வானிலையைச் சொல்ல அத்ஸுகு மோ நகு, ஸமுகு மோ நை: வெயிலும் இல்லை, குளிரும் இல்லை.

இனி, இதோடு குழப்பிக்கொள்ளும் பக்கத்து வடிவங்கள். இவற்றில் முக்கியமானது ‘மோ அரெப, மோ அரு’. ஈ ஹி மோ அரெப, வருய் ஹி மோ அரு என்றால் நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. தமிழில் ‘உண்டு’ வந்தால் அரெப, ‘ஆகவும்’ வந்தால் டெமோ அரி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. முன்னது பல நாட்களை இரண்டாகப் பிரிக்கிறது. பின்னது ஒரே பொருளைப் பிரிக்காமல் இரண்டு முகம் காட்டுகிறது. வினைச்சொல்லுக்கு டெமோ அரி பொருந்தாது. அங்கே ஒயொகி மோ ஸுரெப, ஹஷிரி மோ ஸுரு (நீந்தவும் செய்வார், ஓடவும் செய்வார்) என்று ‘ஸுரெப, ஸுரு’ வரும்.

‘கனெஸொனஎரு’ நல்ல குணங்களுக்கு மட்டும். த்ஸுயொஸ தொ யஸஷிஸ ஒ கனெஸொனஎத ஹிதொ என்றால் வலிமையும் கனிவும் ஒருங்கே வாய்த்தவர். பிடிவாதத்தையும் முன்கோபத்தையும் ‘ஒருங்கே வாய்த்தவர்’ என்றால் தமிழில் கிண்டலாகத்தானே கேட்கும்? ஜப்பானியத்திலும் அப்படித்தான். ‘யர, யர’ கட்டுப்படாமல் கலந்து வரும் உணர்ச்சிக்கு: உரேஷீ யர ஹஸுகஷீ யர, மகிழ்ச்சியோ வெட்கமோ எல்லாம் ஒன்றாய் வந்த தடுமாற்றம். டெமோ அரி அதைவிட நிதானமானது. சொல்பவர் இரண்டையும் தெளிவாகப் பார்த்துவிட்டார்.

ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் நான்கு துண்டுகளைச் சரியாக அடுக்கி நட்சத்திரக் குறி இட்ட இடத்துக்குரியதைக் கேட்கும் வினா உண்டு. துண்டுகளில் ‘அரி’யும் ‘அரு’வும் தனித்தனியாகக் கிடந்தால், முதலில் அரு-வை வாக்கிய முடிவுக்கோ அது விளக்கும் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலோ தள்ளுங்கள், அரி இரண்டு டெமோ துண்டுகளுக்கு நடுவில் வரும். பாதி வேலை முடிந்தது.

பயிற்சிக்கு நல்ல வாக்கியம் ஃபுஜி மலையிலேயே இருக்கிறது. 3776 மீட்டர் உயரமுள்ள அந்த எரிமலை 2013-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இயற்கைச் சின்னமாக அல்ல, பண்பாட்டுச் சின்னமாகவே சேர்ந்தது. ஜப்பானியப் பதிவில் பெயரோடு சேர்ந்து வரும் தொடர் ‘வழிபாட்டுக்குரியது, கலையின் ஊற்று’ என்பது. ஷின்கோ நோ தைஷோ, கெய்ஜுத்ஸு நோ கென்ஸென் என்ற இரண்டு பெயர்த்தொடர்களையும் எடுத்து, ஃபுஜிஸன் வ என்று தொடங்கி, முதலில் நிகழ்காலத்திலும் பிறகு பணிவு வடிவத்திலும் நீங்களே கட்டிப் பாருங்கள்.