இங்கிலாந்தில் பல் டாக்டர்: கைராசி மட்டும் போதாது

லண்டனுக்கு வந்த புதிதில் ‘டென்டல் சர்ஜரி’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு, ஒரு சொத்தைப் பல்லுக்குப் போய் ஆபரேஷனா என்று வாசலோடு திரும்பியவன் நான். இங்கே சர்ஜரி என்றால் கிளினிக், அவ்வளவுதான். பயப்படாமல் உள்ளே போங்கள்.

உள்ளே போன பிறகுதான் கேள்வி வரும். இந்த இடம் நல்ல இடமா? ஊரில் நமக்கு ஒரே அளவுகோல்தான்: டாக்டர் கைராசிக்காரரா, கை வைத்ததும் வலி போனதா. ஆனால் ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. பல் ஆடத் தொடங்கும்போதுதான் தெரியும். அதனால் வலி போனதை வைத்து மட்டும் மார்க் போடாதீர்கள். உங்கள் வாயில் எதைப் பார்த்தார்கள், எதை எழுதி வைத்தார்கள், அதில் எதை உங்களிடம் சொன்னார்கள் என்று கவனியுங்கள்.

என் முதல் செக்கப்பில் டாக்டர், முனையில் குட்டி உருண்டை இருக்கும் ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக நடத்திக்கொண்டே போனார். “டூ, ஒன், டூ” என்றார். கீழே வந்ததும், “த்ரீ, டூ, த்ரீ.” பக்கத்தில் நர்ஸ் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். பல்லை எண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வரை போக வேண்டிய எண்ணிக்கை மூன்றைத் தாண்டவே இல்லை!

அது ஈறுகளுக்கான பரிசோதனை. பி.பி.ஈ. என்பார்கள். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 0 என்றால் ஆரோக்கியம். 1 என்றால் தொட்டால் ரத்தம் வருகிறது. 2 என்றால் பல்லில் காறை (கெட்டியாகிப்போன அழுக்கு) படிந்திருக்கிறது, அல்லது அது தங்குகிற மாதிரி இடுக்கு இருக்கிறது. 3 என்றால் ஈறு பல்லை விட்டு விலகி 4, 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பை விழுந்திருக்கிறது. 4 என்றால் 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேல். பெரியவர்களின் செக்கப்பில் இது வழக்கமாகச் செய்ய வேண்டியது. கண்ணாடியை வைத்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு “ஆல் ஃபைன்” என்று அனுப்பினால், “என் பி.பி.ஈ. எவ்வளவு?” என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்காவது 4 வந்திருந்தால், எல்லாப் பற்களையும் சுற்றி விரிவாக அளந்து எழுத வேண்டும். வெறும் க்ளீனிங் செய்து அனுப்பினால் போதாது.

அந்த ஆறு எண்களையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். எனக்கு அடுத்த வருடம் இரண்டு 3-ம் 2 ஆகியிருந்தன. டாக்டரின் வேலை பாதி என்றால், பல் இடுக்குக்கான குட்டி பிரஷ் போட்டுத் தேய்த்த என் வேலை மீதி.

நல்ல டாக்டர் பல்லோடு நிற்க மாட்டார். நாக்கைப் பிடித்து இருபுறமும் பார்ப்பார், நாக்கின் அடியையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்ப்பார், கழுத்தைத் தடவிப் பார்ப்பார். வாய்ப்புற்று அறிகுறி இருக்கிறதா என்ற தேடல் அது. வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகலாம். வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும் நோயும் பாக்கால் வருவதுதான். ‘பாக்கு’ என்றால் புரியாவிட்டால் ‘அரேக்கா நட்’ என்று சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னால்தான் அக்கறையான டாக்டர் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. அப்படி இல்லை. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பு சொல்வதுபடி, வாயின் நிலையைப் பொறுத்துப் பெரியவர்களுக்கு இடைவெளி 3 மாதம் முதல் 24 மாதம் வரை இருக்கலாம். 18 வயதுக்குக் கீழே அதிகபட்சம் 12 மாதம். எல்லாருக்கும் ஒரே இடைவெளி சொல்லும் இடத்தைவிட, “உங்களுக்கு ஒரு வருடம் போதும்” என்று காரணத்தோடு சொல்லும் இடம் மேல்.

போவதற்கு முன்பே இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடலாம். டாக்டரின் பெயர், பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜி.டி.சி.யின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடலாம். நர்ஸ், பல்லைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட்டுகளுக்கும் அங்கே பதிவு உண்டு. அப்புறம், மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் ஆய்வு செய்யும் சி.க்யூ.சி.யின் அறிக்கை. மருத்துவமனைகளுக்குப் போல பல் கிளினிக்குகளுக்கு அவர்கள் ‘குட்’, ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்று தரம் போடுவதில்லை. விதிகளைக் கடைப்பிடிக்கிறார்களா என்று மட்டும் சொல்வார்கள். அறிக்கையின் தேதியையும் பாருங்கள். கூகுள் நட்சத்திரங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாதிப் பேர் ரிசப்ஷனில் சிரித்தார்களா என்பதைத்தான் எழுதுகிறார்கள்.

சரி, காசு. விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருந்தாலும் பல்லுக்குத் தனியாகத்தான் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் வந்த என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) கட்டணம் மூன்று பேண்ட், அதாவது மூன்று படி: செக்கப், தேவையான எக்ஸ்ரே உள்ள முதல் பேண்ட் 27.40 பவுண்டு; ஃபில்லிங், ரூட் கேனால், பல் பிடுங்குவது உள்ள இரண்டாவது பேண்ட் 75.30, கேப், பல் செட் உள்ள மூன்றாவது 326.70. வருடா வருடம் ஏறும், அதனால் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சிகிச்சைத் திட்டத்தில் மூன்று ஃபில்லிங் போட்டாலும் ஒரே ஒரு இரண்டாவது பேண்ட் கட்டணம்தான். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் கணக்கே வேறு. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து 12 மாதம் ஆகாத அம்மாக்களுக்கும் இலவசம். கர்ப்பிணிகளும் அம்மாக்களும் அதற்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை தொடங்கும் முன் எது என்.எச்.எஸ்., எது பிரைவேட், எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. என்.எச்.எஸ்.ஸில் போட்ட கேப் ஏழாவது மாதம் இட்லி சாப்பிடும்போது கையோடு வந்துவிட்டது. இட்லிக்கே வந்துவிட்டது, முறுக்குக்கு என்ன சொல்வது! திரும்பப் போனால் ரிசப்ஷனில் முழுக் கட்டணத்தையும் மறுபடி கேட்டார்கள். கட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது: என்.எச்.எஸ்.ஸில் போட்ட ஃபில்லிங்கோ கேப்போ 12 மாதத்துக்குள் பழுதானால், அதே இடத்தில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். கீழே விழுந்து அடிபட்டதற்கு இது பொருந்தாது. இட்லிக்குப் பொருந்தும். தப்பு நடந்தால் முதலில் கிளினிக்கிலேயே எழுதிக் கொடுங்கள். அங்கே தீராத என்.எச்.எஸ். புகார் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) வரை போகலாம். பிரைவேட் என்றால் டென்டல் கம்ப்ளெயின்ட்ஸ் சர்வீஸ் இருக்கிறது.

“ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்” என்று தள்ளிப் போடுபவர்கள் நிறைய. மூன்று வார லீவில் ரூட் கேனாலும் கேப்பும் முடித்துத் திரும்பி, இங்கே வந்து வீங்கினால் யாரிடம் போவது? செய்தே ஆக வேண்டுமென்றால் எக்ஸ்ரேயையும் குறிப்புகளையும் கையோடு வாங்கி வாருங்கள். திடீர் வலிக்கு 111 என்ற என்.எச்.எஸ். எண்ணைக் கூப்பிடலாம். கண் பக்கமோ கழுத்திலோ வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தாலோ நேராக ஏ அண்ட் ஈ (மருத்துவமனை அவசரப் பிரிவு).

அம்மா, மாமியாரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். என்.எச்.எஸ். சிகிச்சைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். போனிலேயே வருவார்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அன்று காலையில் சொன்னால் ஆள் கிடைப்பது கஷ்டம்.