பழைய ஜீப் பிக்கப்புக்குப் புதிய பின் அச்சு மாற்றுவது எப்படி?

பாபநாசம் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு பழைய ஜீப் பிக்கப் இருக்கிறது. நெல் மூட்டை, வாழைத்தார், உர மூட்டை எல்லாம் அதில்தான் போகும். இரண்டு மழைக்காலம் தாண்டி அதன் பின் அச்சின் ஆயில் பிளக்கைத் திறந்தேன். உள்ளிருந்து பால் விட்ட காபி நிறத்தில் ஆயில் வந்தது. தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அச்சுக்குள் இருக்கும் பெரிய பல் சக்கரமான கிரவுனில் பல் தேய்ந்திருந்தது, பேரிங்கில் துரு. பின்னாளில் வந்த ஒரு ஜீப் வகை வண்டியின் அச்சைக் காயலான் கடையில் வாங்கி மாற்றினேன். முதல்முறை இதைச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பழைய ஜீப் அச்சில் ஷாஃப்ட்டின் முனை கூம்பாக இருக்கும். டிரம்மோடு வரும் ஹப் அதன் மேல் ஒரு கீயை, அதாவது பள்ளத்தில் சொருகிய சின்ன இரும்புத் துண்டை, நம்பி உட்கார்ந்திருக்கும். நட்டு தளர்ந்தால் கீ வெட்டிப் போகும். புதிய அச்சுகளில் ஷாஃப்ட்டும் சக்கரம் மாட்டும் தட்டும் ஒரே துண்டு. பாரம் ஏற்றும் வண்டிக்கு இதுதான் நல்லது.

வாங்கும் முன் அளவு

காசு கொடுப்பதற்கு முன் டேப், சாக்கட்டி, நோட்டு மூன்றோடு போங்கள். முதலில் அகலம்: இந்த டிரம்மின் சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து அந்த டிரம்மின் முகம் வரை. நான் வாங்கியது என் பழையதைவிட இரண்டு அங்குலம் அதிகம், பக்கத்துக்கு ஒரு அங்குலம். மட்கார்டில் டயர் உரசாது என்று பார்த்த பிறகே வாங்கினேன். அடுத்து போல்ட் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டமும். பழைய ஜீப்பில் ஐந்து போல்ட், வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம். அது ஒத்துப்போனால் உங்கள் பழைய ரிம்மே போதும்.

பிறகு பல் விகிதம்: சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கிரவுனைச் சுழற்றும் சின்ன பல் சக்கரமான பினியன் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. பினியனின் வெளிமுனைத் தட்டில் (ஃபிளாஞ்ச்) சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். இருவர் இரண்டு டிரம்மையும் ஒரே திசையில், ஒரே அளவில் பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும். மூன்றாம் ஆள் கோட்டைப் பார்த்து பினியன் சுற்றை எண்ணட்டும். பழைய சிஜே3பி என்ற ஜீப் வகையில் கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல். ஆக ஐம்பத்து மூன்றேமுக்கால் சுற்று வரும், விகிதம் 5.38. நான் வாங்கியதில் நாற்பத்தைந்தரைக்குக் கொஞ்சம் மேல், அதாவது 4.56. தஞ்சாவூர் சாலையில் எஞ்சின் அலறல் குறைந்தது. ஆனால் மூட்டையோடு கரை ஏறும்போது முன்னைவிட ஒரு கியர் கீழே போட வேண்டியிருக்கிறது.

இந்த மாற்றத்தில் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். அதன் கேபிள் அச்சுக்கு முன்னாலேயே ஓட்டம் வாங்குவதால், உண்மையில் 60-ல் போகும்போது முள் 51-ஐத்தான் காட்டும். அதற்கான சின்ன பல் சக்கரத்தையும் மாற்றுங்கள்.

ஃபோர் வீல் வேலை செய்யும் வண்டி என்றால் முன் அச்சின் விகிதமும் பின் அச்சின் விகிதமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சேற்றில் டயர் வழுக்கித் தப்பிவிடும், தார் ரோட்டில் இரண்டு அச்சுக்கும் ஓட்டத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடையும். இப்படிப்பட்ட பழைய வண்டிகளில் பின் பினியன் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். வாங்கும் அச்சிலும் அது அதே பக்கம் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மாற்றங்களைப் பற்றியது. வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பலமான அச்சு போட்டதால் ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றலாம் என்று ஆகாது.

கழற்றுதல்

சம்பா அறுவடை முடிந்து, ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கும் முன்பு உள்ள இடைவெளிதான் சரியான நேரம். இடம் முக்கியம். நம் ஊர்க் களிமண்ணில் ஜாக்கி அமிழ்ந்துவிடும். நான் நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் வைத்துச் செய்தேன், மட்டமாகவும் இருந்தது. அடியில் கெட்டியான தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அங்கே நெல் கொட்டுவார்கள், ஒரு சொட்டு ஆயில்கூடப் படக் கூடாது.

முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். செங்கலை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும். பிரேக் டியூப், ஹேண்ட் பிரேக் கேபிள், கியர்பாக்ஸ் பக்கமிருந்து அச்சுக்கு ஓட்டம் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கடைசியாக அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் என்ற வரிசையில் கழற்றுங்கள். அச்சை ஜாக்கி தாங்கிக்கொண்டிருக்கட்டும். துருப்பிடித்த யூ போல்ட்டை அறுத்துப் போடுங்கள், பழசைத் திரும்ப மாட்டவே வேண்டாம்.

பினியன் கோணம்

எல்லா வேலையிலும் இதுதான் உயிர். இங்கேதான் நான் தப்பு செய்தேன்.

புதிய அச்சில் ஸ்பிரிங் உட்காரும் சீட்டுகள் உங்கள் வண்டியின் பட்டைக்கு (பட்டை ஸ்பிரிங்) நேராக வராது. பழையதை அறுத்து, புதியதை வைத்து வெல்டு செய்ய வேண்டும். சேஸிஸ் ஸ்டாண்டில் நிற்க, பட்டை தொங்கிக்கொண்டிருந்த நிலையில் கோணம் பார்த்து முழுசாக வெல்டு செய்துவிட்டேன். வண்டியை இறக்கியதும் கோணம் மாறிப்போனது. நாற்பதைத் தொட்டதும் பின்பக்கம் முழுக்க அதிர்ந்தது. பட்டறை அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, வண்டி தன் வெயிட்ல நிக்கும்போதுதான் மட்டம் பாக்கணும்” என்றார். அறுத்து மறுபடி செய்தோம்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள கிராஸ் ஜாயிண்ட் வளைந்து சுற்றும்போது ஷாஃப்ட்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்கும். மறுமுனைக் கிராஸும் அதே கோணத்தில் வளைந்திருந்தால் அந்த ஏற்ற இறக்கம் சரியாகிவிடும். அதனால் கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட்டும் பினியனும் இணையாக இருக்க வேண்டும். மூட்டை ஏற்றி இழுக்கும்போது பட்டை முறுக்கி பினியன் மூக்கு மேலே எழும், ஆகவே ஒன்றிரண்டு டிகிரி கீழ்நோக்கி வைப்பது நல்லது.

சீட்டுகளை வெல்டு செய்யாமல் வைத்து, யூ போல்ட்டை லேசாக முடுக்கி, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்குங்கள். நாலு ஆள் ஏறிக் குதித்தால் பட்டை தன் நிலைக்கு வரும். செல்போனில் உள்ள கோணமானியையோ கொத்தனாரின் ரசமட்டத்தையோ வைத்துப் பார்த்து, சீட்டுக்குப் பக்கத்துக்கு இரண்டு பொட்டு வெல்டு. அப்புறம் முன் ஸ்பிரிங் போல்ட்டிலிருந்து பின் அச்சு வரை இரண்டு பக்கமும் நூல் பிடியுங்கள். நீளம் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி நண்டு மாதிரி ஓடும்.

எல்லாம் சரி என்றால் அச்சை இறக்கி, ஷாஃப்ட்டையும் ஆயில் சீலையும் எடுத்துவிட்டு, துண்டு துண்டாக, ஆறவிட்டு வெல்டு செய்யுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் குழாய் வளையும்.

மாட்டுதல்

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தையும் வண்டி நிற்கும் நிலையிலேயே அளந்து லேத்துக்குக் கொடுங்கள். நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயிண்ட் உள்ளே போக ஒரு அங்குலம் மிச்சம் இருக்கட்டும், பேலன்ஸும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கில் காற்றை எடுத்து, இபி 90 கியர் ஆயிலை அச்சில் நிரப்பும் துளை விளிம்பு வரை ஊற்றுங்கள்.

அப்புறம் பிரீதர், அச்சு மூச்சுவிடும் சின்ன துளை. ஓடிச் சூடான அச்சு வாய்க்கால் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், மூழ்கினால் பிரீதரே குடிக்கும். என் பழைய அச்சு செத்தது இதனால்தான். பிரீதரில் ஒரு ரப்பர் டியூப்பைச் சொருகி, பாடிக்கு அடியில் எட்டிய மட்டும் உயரத்தில் கட்டிவிடுங்கள். அச்சு மேலும் கீழும் ஆடுவதற்கு டியூப்பில் கொஞ்சம் தொய்வு விடுங்கள்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முடுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். ஐப்பசி மழையில் தண்ணீரில் இறங்கி ஏறிய மறுநாள் நிரப்பும் பிளக்கைத் திறந்து ஒரு விரல் விட்டுப் பாருங்கள். தேன் நிறத்தில் ஒட்டினால் மூடிவிடலாம். வெளுத்திருந்தால் அன்றைக்கே ஆயிலை மாற்றுங்கள்.