எல்லை தாண்டிய ஃபோர்ஹேண்ட்: என் அனுபவம்

தண்டையார்பேட்டையில் மாலைகளில் டென்னிஸ் ஆடும் எனக்கு, ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கை முன்னோக்கியபடி அடிக்கும் அடியில்) அடித்த பந்துகள் திடீரென்று களத்தின் பின் எல்லைக்கோடான பேஸ்லைனைத் தாண்டி விழத் தொடங்கின. மட்டையின் ஸ்ட்ரிங்கை 50 பவுண்டிலிருந்து 54 பவுண்டுக்கு இறுக்கியும், பிடியை மாற்றியும், கடற்காற்றுக்கு ஏற்ப நிற்கும் இடத்தை மாற்றியும் பயனில்லை.

பிறகு, டென்னிஸ் பயிற்சியாளர் டிமோதி கால்வேயின் ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ (1974) நூலில் உள்ள பயிற்சியின்படி, பந்து தரையில் படும்போது ‘பவுன்ஸ்’ என்றும் மட்டையில் படும்போது ‘ஹிட்’ என்றும் உரக்கச் சொல்லியபடி ஆடினேன். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, அந்தச் சொல் எந்தக் கணத்தில் வாயிலிருந்து வருகிறது என்பதே. வேகமான பந்துகளுக்கு என் ‘ஹிட்’ எப்போதும் தாமதமாகவே வந்தது, ஏனெனில் பந்து மட்டையைத் தொடும் முன்பே என் பார்வை வலைக்கு அப்பால் சென்றுவிட்டிருந்தது. அடிக்கும் முறையைத் தொடாமல், சொல்லை மட்டும் உரிய கணத்துக்குக் கொண்டுவந்ததும் பந்துகள் கோட்டுக்குள் விழுந்தன, பெரும் நிம்மதி. ஸ்ட்ரிங்கைப் பழைய இறுக்கத்துக்கே மாற்றிவிட்டேன்.