வேர் தள்ளுவதில்லை: கடத்தல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடியில் நீரும் உணவும், உடலில் ரத்தமும் எப்படிப் போகின்றன என்று சொல்லும் பாடம் இது. பல வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிய அதே வரி, இன்றைக்கும் நான் திருத்தும் விடைத்தாள்களில் வந்து நிற்கிறது. சைலத்தையும் (செடியில் நீர் ஏறும் குழாய்) ஃபுளோயத்தையும் (உணவு போகும் குழாய்) மாற்றி எழுதுவது, இதயத்தின் மேலறையான ஏட்ரியம், கீழறையான வென்ட்ரிக்கிள் குழப்பம் எல்லாம் நாலு முறை படம் வரைந்தால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகச் சரியாகாத தவறுகள் சில உண்டு.

"வேர்தான் தண்ணீரை உச்சிவரை தள்ளுகிறது"

நான் எழுதிய வரி இதுதான். தண்ணீர் ஊற்றுவது வேரில், துளிர்ப்பது உச்சியில். அதனால் கீழே ஏதோ ஒரு மோட்டார் ஓடுகிறது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

வேர் அழுத்தம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. விடிகாலையில் புல் நுனியில் திரண்டு நிற்கும் துளிகள் எல்லாமே பனி என்று நினைக்க வேண்டாம். இரவில் வேர் அழுத்தம் வெளியே தள்ளிய நீரும் அதில் இருக்கும். ஆனால் அந்த அழுத்தம் பெரும்பாலும் 1 அல்லது 2 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் போகாது. ஒரு வளிமண்டல அழுத்தம் தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம் சுமார் 10 மீட்டர். கடலோரச் செக்கோயா மரமோ 115 மீட்டரைத் தாண்டி வளர்கிறது. அதோடு, தண்ணீர் அதிகம் தேவைப்படும் நண்பகலில் வேர் அழுத்தம் ஏறக்குறைய காணாமலே போய்விடும்.

வேலை நடப்பது இலையில். இலைத்துளை வழியே நீர் ஆவியாகப் போகும்போது, உள்ளே செல்சுவரில் படிந்திருக்கும் நீர்ப்படலம் பின்னாலிருக்கும் நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால், அந்த இழுப்பு சைலம் வழியாக வேர்வரை இறங்குகிறது. 1894-இல் அயர்லாந்து விஞ்ஞானிகள் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. அதற்குச் சற்று முன்பு தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர், அடியில் வெட்டிய மரத்தை நச்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்தார். தண்டிலிருந்த உயிர்ச்செல்கள் செத்த பிறகும் கரைசல் ஏறிக்கொண்டேதான் இருந்தது. வேரும் கிடையாது, தண்டில் உயிரும் கிடையாது.

இந்த ஒரு தவறு இன்னும் எனக்கு எரிச்சலைத் தருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிரியராக வந்த புதிதில், காசித்தும்பைத் தண்டுகளை மேசையில் வைத்து வெட்டி, சிவப்புச் சாயம் கலந்த நீரில் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாதித் தண்டுகள் துவண்டு கிடந்தன, சாயம் அடியிலேயே நின்றுவிட்டது. "பார்த்தீர்களா, வேர் இல்லையென்றால் ஏறாது" என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். தப்பான பாடத்தோடு அந்தப் பிள்ளைகளை அனுப்பியது இன்றும் உறுத்துகிறது.

நடந்தது வேறு. சைலத்துக்குள் நீர் இழுபட்ட நிலையில் இருக்கிறது. காற்றில் வெட்டியதும் நீர் உள்வாங்க, வெட்டுவாயில் காற்று புகுந்து நீர்த்தொடரை அறுத்துவிடுகிறது. அறுந்த பிறகு இலை எதைப் பிடித்து இழுக்கும்? தண்டின் அடியைத் தண்ணீருக்குள் மூழ்க வைத்து, அங்கேயே இன்னும் 2 அல்லது 3 செ.மீ. வெட்டி, வெட்டுவாய் ஈரம் காயாமல் சாயநீருக்கு மாற்றுங்கள். நரம்பு நரம்பாகச் சிவப்பு ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்புறம் எந்த மாணவரும் வேர் தள்ளுகிறது என்று எழுதுவதில்லை.

"தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம்"

இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, உள்ளே வருவது சிரை, அவ்வளவுதான். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்.

"சிரையில் நீல ரத்தம்"

கருஞ்சிவப்பு. நீலம் படத்தில் மட்டும்.

"ரத்தம் செல்லுக்குள் போய் உணவு கொடுக்கிறது"

போவதில்லை. தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாயான தந்துகியின் சுவர் ஒரே ஒரு செல் தடிமன். அதன் வழியே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் ஒரு பங்கு கசிந்து திசு திரவமாகச் செல்களைச் சூழ்கிறது. சிவப்பணுக்கள் குழாயை விட்டு இறங்குவதில்லை. ரத்தம் சுற்றி வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி 1628-இல் நிறுவியபோது தமனியையும் சிரையையும் இணைப்பது எது என்று அவரால் காட்ட முடியவில்லை. 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பிஜி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்ட பிறகுதான் அந்த இடைவெளி நிரம்பியது. படம் வரையும்போது தந்துகியை விட்டுவிடுகிறவர்கள் அந்த 33 வருட இடைவெளியைத் திரும்பவும் உண்டாக்குகிறார்கள்.

"ஃபுளோயம் கீழ்நோக்கி மட்டும்"

உணவு எங்கே உருவாகிறதோ, சேமித்திருக்கிறதோ, அங்கிருந்து தேவைப்படும் இடத்துக்கு அது போகும். முளைவிட்ட உருளைக்கிழங்கைப் பாருங்கள். கிழங்கு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருக்க, அதிலிருந்த மாவு சர்க்கரையாகி ஃபுளோயம் வழியே மேலே முளைக்குப் போய்க்கொண்டிருக்கும்.