வட கொரியாவப் பத்திப் புள்ளைங்களுக்கு எப்படிச் சொல்றதுங்க

லைப்ரரிலயோ ஸ்கூல்லயோ புள்ளைங்கள உக்கார வெச்சு வட கொரியாவப் பத்திப் பேசோணும்னா, தயவுசெஞ்சு ராக்கெட்டு, தலைவரோட ஹேர்ஸ்டைல்னு ஆரம்பிக்காதீங்க. சிரிச்சுட்டா அப்பறம் அங்க இருக்கற ரெண்டரைக் கோடிக்கு மேல சனம் புள்ளைங்க கண்ணுக்கே தெரியாதுங்க.

"கோபில இருந்து திருப்பூர் அத்தையப் பாக்கப் போகோணும்னா என்ன பண்ணுவீங்க கண்ணு"ன்னு கேளுங்க, பஸ் ஏறுவோம்னு சொல்லும். அங்க வெளியூர் போறதுக்கே பர்மிட் வேணும், போன எடத்துல ராத்தங்குனா இன்மின்பான்ங்கற அக்கம்பக்கக் குழுவோட தலைவிகிட்டச் சொல்லிப் பதியோணும், இருபது முப்பது வூட்டுக்கு ஒரு இன்மின்பான், யார் வூட்டுக்கு யார் வந்தாங்கன்னு பாக்கறதுதான் அந்தம்மா வேலையே. ரேடியோ அரசாங்க ஸ்டேஷன் மட்டும் எடுக்கற மாதிரி பூட்டித்தான் குடுப்பாங்க. வாரத்துக்கொருக்கா கூட்டத்துல எந்திரிச்சுத் தன் தப்பச் சொல்லோணும், பக்கத்துல இருக்கறவன் தப்பையும் சொல்லோணும், ஸ்கூல் புள்ளைங்களுக்கும் இது உண்டுங்க. இந்த எடத்துல அவசரப்படாம நின்னு பேசுங்க, கூட்டாளியக் காட்டிக் குடுக்கறதுன்னா என்னன்னு எட்டாவது படிக்கற புள்ளைக்கு நல்லாவே புரியும்.

1990கள்ல வந்த பஞ்சத்தையும் சொல்லோணும். ரேஷன் நின்னு லட்சக்கணக்குல செத்தாங்க, ஆம்பளைங்க சம்பளமே இல்லாத அரசாங்க வேலைக்குப் போயே ஆகோணும்ங்கறதால பொம்பளைங்கதான் சந்தைல கடை போட்டுக் குடும்பத்தக் காப்பாத்துனாங்க. தப்பிச்சுத் தெற்க தென் கொரியாவுக்கு வந்து சேந்த சுமார் 34,000 பேர்ல பத்துக்கு ஏழு பேர் பொம்பளைங்க.

தப்பிக்கறதச் சொல்றப்ப மேப் வெச்சுக்குங்க. நேரா தெற்க போலாமேன்னு கேக்கும், அந்த எல்லைல நாலு கிலோமீட்டர் அகலத்துக்குக் கண்ணிவெடி, முள்வேலி. அதனால வடக்க சீனாவுக்குத்தான் போறாங்க, நடுவுல இருக்கற டூமன் ஆறு சில எடத்துல, நம்ம பவானி கோடைல ஒடுங்கற மாதிரி ஒடுங்கிக் கெடக்கும், குளுருக்கு ஒறஞ்சுரும். ஆத்தத் தாண்டுனதோட கதைய முடிச்சுறாதீங்க! சீனாக்காரங்க புடிச்சா திருப்பி அனுப்பிருவாங்க, அப்பறம் ஜெயில், முகாம். அதுக்குப் பயந்துட்டே லாவோஸ், தாய்லாந்துன்னு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுத்தி தென் கொரியத் தலைநகர் சியோல் போய்ச் சேந்தா, ஹனாவோன்ங்கற அரசாங்க மையத்துல மூணு மாசம் ட்ரெய்னிங், பேங்க் அக்கவுண்ட்ல இருந்து எல்லாமே புதுசாக் கத்துக்கோணும். 2020ல கொரோனாவுக்கு எல்லைய அடைச்சாங்க, 2019ல ஆயிரத்துக்கு மேல வந்தவங்க 2021ல 63 பேர்தான்.

வாட்ஸ்அப்ல வர்றத அப்படியே சொல்லிறாதீங்க. 2013ல தலைவர் கிம் ஜோங் உன் தன் மாமாவக் கொன்னது நெசம், நாய்க்குப் போட்டாங்கன்னு சுத்துனது பொய். 2014ல வந்த ஐநா விசாரணைக் கமிஷன் அறிக்கைல தப்பிச்சு வந்தவங்க வாயால சொன்ன சாட்சி நெறைய இருக்கு, அதுல ரெண்டு மூணத் தமிழ்ல எழுதி எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக் காட்டுங்க, சித்திரவதை வர்ற பக்கத்த மட்டும் சின்னப் புள்ளைங்களுக்கு விட்டுருங்க.