பத்தே முறை ஓடிய 'நியூ ஓக்ஸ்': நின்றுபோன பந்தயத்தின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

நின்றுபோன குதிரைப் பந்தயம் ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது வென்ற குதிரைகளின் பட்டியலைத்தான். கோளாறும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பட்டியல் எங்கேயும் கிடைத்துவிடும். பந்தயம் எந்தப் பெயரில், எந்தத் திடலில், எந்த விதிகளின்படி நடந்தது என்பதைத்தான் தோண்டி எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் நியூ ஓக்ஸை வைத்து அந்த வேலையைச் செய்து பார்க்கலாம்.

எப்சம் திடலில் 1779 முதல் நடந்துவருவது ஓக்ஸ். மூன்று வயதுப் பெட்டைக் குதிரைகள் மட்டுமே ஓடலாம்; தூரம் ஏறத்தாழ ஒன்றரை மைல். முதல் உலகப் போரின்போது, ரயில்களில் நெரிசல் என்று அரசு கேட்டுக்கொண்டதால், 1915 மே மாதத்தில் நியூமார்க்கெட் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் பந்தயங்கள் நின்றன. எப்சம் ஓக்ஸுக்குப் பதிலாக நியூமார்க்கெட்டில் நடந்ததுதான் நியூ ஓக்ஸ். 1915 முதல் 1918 வரை நான்கு முறை, அடுத்த போரில் 1940 முதல் 1945 வரை ஆறு முறை.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இது தனிப் பந்தயமா, ஓக்ஸின் மாற்று வடிவமா? எப்சம் ஓக்ஸின் வெற்றிப் பட்டியலில் இந்தப் பத்துப் பெட்டைகளும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் "எப்சமில் வென்றவை" என்று எழுதிவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. எங்கள் முறை இது: அட்டவணையில் வரிசை எண் தொடர்ச்சியாகவே போகட்டும், பெயருக்கும் திடலுக்கும் தனித்தனிப் பத்தி (நெடுவரிசை) இருக்கட்டும். இரண்டையும் ஒரே பத்தியில் அடைத்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

அட்டவணையில் தேவையான மற்ற பத்திகள்: தேதி, தூரம், சுமந்த எடை, ஓடிய குதிரைகளின் எண்ணிக்கை, முதல் மூன்று இடங்கள், ஜாக்கி, பயிற்சியாளர், உரிமையாளர், முடிவில் இருந்த இடைவெளி, எந்த ஏட்டில் எந்தப் பக்கம். கடைசிப் பத்தியைக் காலியாக விட்டுவிட்டு "அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். அந்த அப்புறம் வரவே வராது.

தகவலை எடுக்க வேண்டிய முதல் இடம், பிரிட்டிஷ் பந்தயப் பதிவுகளைப் பராமரிக்கும் வெதர்பீஸ் நிறுவனத்தின் ரேசிங் காலண்டர். நடந்துமுடிந்த பந்தயங்களின் ஆண்டுத் தொகுதியில் நிபந்தனைகளும் முடிவுகளும் இருக்கும். நாளிதழ்கள் இரண்டாவதுதான். இரண்டாம் போரில் காகிதத் தட்டுப்பாட்டால் நாளிதழ்கள் சில பக்கங்களாகச் சுருங்கின. பந்தயச் செய்தியும் சில வரிகளானது. இணையச் சுவடிகளில் தேடும்போது "நியூ ஓக்ஸ்" என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும், ஏனென்றால் செய்தியாளர்கள் பழக்கத்தில் "ஓக்ஸ்" என்றே எழுதியிருப்பார்கள். வெறும் ஓக்ஸ் என்று தேடினாலோ ஆங்கிலத்தில் ஓக் எனப்படும் கருவாலி மரங்களும் செவனோக்ஸ் ஊரும் வந்து குவியும். வென்ற குதிரையின் பெயரோடு ஆண்டைச் சேர்த்துத் தேடுவதே மேல்.

அளவுகளைப் பெயர்க்கும்போது கவனம் தேவை. ஒரு ஃபர்லாங் 201 மீட்டர்; பன்னிரண்டு ஃபர்லாங் 2,414 மீட்டர். எடை ஸ்டோன், பவுண்டு கணக்கில் இருக்கும். ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு. ஏட்டில் "8-10" என்று இருந்தால் அது 8 ஸ்டோன் 10 பவுண்டு, அதாவது 122 பவுண்டு, சுமார் 55.3 கிலோ. அதையே தசம எண்ணாக 8.10 என்று படித்தால் 51.4 கிலோ வரும். நான்கு கிலோ வித்தியாசம் பந்தயத்தையே மாற்றிவிடும். பரிசுத்தொகையைப் பவுண்டு, ஷில்லிங் என்று இருந்தபடியே எழுதுங்கள். இன்றைய மதிப்புக்கு மாற்றுவது ஊகம்.

ஓடிய நேரத்தை எப்சமோடு ஒப்பிடவே கூடாது. எப்சம் இடப்பக்கம் திரும்பும் திடல், டாட்டனம் வளைவை நோக்கிச் சரிவாக இறங்கும். நியூமார்க்கெட்டில் வலப்பக்கம் ஒரு வளைவு, பிறகு நீண்ட நேர்பாதை. அதேபோல, பிரிட்டனில் எல்லைக்கோட்டைப் படமெடுத்து வெற்றியைத் தீர்மானிக்கும் புகைப்பட முடிவு 1947-இல்தான் வந்தது. ஆகவே இந்தப் பத்துப் பந்தயங்களிலும் "ஒரு கழுத்து", "ஒரு தலை" என்ற இடைவெளிகளெல்லாம் நடுவர் கண்ணால் பார்த்துச் சொன்னவை. அவற்றைச் சென்டிமீட்டரில் எழுதுவது வேடிக்கை.

இனி குதிரைகள், ஆண்டு வரிசையில். முதல் போரில் ஸ்னோ மார்ட்டன், ஃபிஃபினெல்லா, சன்னி ஜேன், மை டியர். இரண்டாம் போரில் கொடைவா, கமோஷன், சன் சாரியட், வை ஹரி, ஹைசில்லா, சன் ஸ்ட்ரீம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எளிய சோதனை உண்டு: பந்தய ஆண்டிலிருந்து மூன்றைக் கழித்தால் பிறந்த ஆண்டு வர வேண்டும். வரவில்லை என்றால் அதே பெயருள்ள வேறு குதிரையைப் பிடித்திருக்கிறீர்கள். பந்தயக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேடான ஜெனரல் ஸ்டட் புக்கில் இரண்டு முறை தேடுங்கள்: தாயின் கீழ் குட்டியாக ஒரு முறை, ஈன்ற குட்டிகளோடு தாய்க்குதிரையாக இன்னொரு முறை. அந்த நூல் தாய்க்குதிரைகளை வைத்தே அடுக்கப்பட்டிருப்பதால், பெட்டைகளின் பின்வாழ்வைத் தேடுவது ஆண் குதிரைகளைவிடச் சுலபம்.

1918-இல் முதலில் வந்தது ஸ்டோனி ஃபோர்ட். அது தகுதி நீக்கம் செய்யப்பட, வெற்றி மை டியருக்குப் போனது. எல்லையைக் கடந்த வரிசை, அறிவிக்கப்பட்ட வரிசை என்று இரண்டையும் குறியுங்கள். 1916-இல் ஃபிஃபினெல்லா, எப்சமின் இன்னொரு பெரும் பந்தயமான டெர்பியையும் ஓக்ஸையும் வென்றது. ஆனால் இரண்டுமே நியூமார்க்கெட்டில் நடந்த மாற்றுப் பந்தயங்கள்.

முதல் போர்க்கால ஆண்டுகளில் பெயர்பெற்ற பெட்டை ஒன்று பட்டியலில் காணவில்லையென்றால், காயம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பந்தயத்துக்குக் குதிரையைப் பதிவு செய்தவர் இறந்துவிட்டால் அந்தப் பதிவு செல்லாது என்பது அன்றைய விதி. 1929-இல் நீதிமன்றம் வரை போன வழக்குக்குப் பிறகே அது ஒழிந்தது. உரிமையாளரின் இறந்த தேதியைப் பார்த்துவிடுங்கள்.

மாதிரிக்கு 1942-ஐ நிரப்பிப் பார்க்கலாம். சன் சாரியட், ஜாக்கி கோர்டன் ரிச்சர்ட்ஸ், பயிற்சியாளர் ஃப்ரெட் டார்லிங். தொடக்கத்தில் முரண்டு பிடித்து நிறையத் தூரத்தை இழந்த பிறகும் வென்ற பெட்டை. உரிமையாளர் பத்தியில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் என்று மட்டும் எழுதினால் பிழை; குதிரை நேஷனல் ஸ்டட் என்ற அரசுக் குதிரைப் பண்ணைக்குச் சொந்தம், மன்னர் குத்தகைக்கு எடுத்து ஓடவிட்டார். அதே ஆண்டில் 1000 கினி, செயின்ட் லெஜர் என்ற இரண்டு பெரும் பந்தயங்களும் அதற்கே. செயின்ட் லெஜர் வழக்கமாக நடப்பது டான்காஸ்டரில். அந்த ஆண்டு அதுவும் நியூமார்க்கெட்டில்தான் நடந்தது. நியூமார்க்கெட்டின் இரண்டு திடல்களில் ஒன்றான ரவுலி மைல் விமானப்படையின் வசம் போய்விட்டதால், 1000 கினி உட்பட எல்லாம் மற்றொன்றான ஜூலை திடலுக்கு வந்துவிட்டன. இந்த மூன்று பந்தயங்களின் திடல் பத்தியிலும் ஒரே பெயர் வருவதைப் பார்த்து, தட்டச்சுப் பிழை என்று நினைத்து யாரும் "திருத்தி" வைத்துவிடாமல், பக்கத்திலேயே ஒரு குறிப்பை எழுதி வையுங்கள்.