பின்அப் ஸ்ரூடியோ தொடங்க முன்: யாழ்ப்பாணத்தில் விடக்கூடாத பிழைகள்

ஸ்ரூடியோ தொடங்குகிற ஆட்கள் முதலில் கமராவை வாங்குவார்கள். பிறகு லென்ஸ், அதற்குப் பிறகு லைற். கையிலிருக்கிற மிச்சக் காசுக்கு ஏற்ற மாதிரி ஓர் அறை. வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்குகிற தாள் கடைசியில் வரும். பலரிடம் அது வருவதேயில்லை. பழைய அமெரிக்கக் காலண்டர் பாணியான பின்அப் படத்துக்கு இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போடவேண்டும். கமரா பிழைத்தால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். சீலிங் பதிந்த அறையை உயர்த்த ஏலாது. ஒரு பெண்ணின் படம் அவர் விரும்பாத ஆளின் கைபேசிக்குப் போய்விட்டால், நம்முடைய ஊரின் அளவுக்கு, அன்றைக்கே கடையைப் பூட்டலாம்.

முதலில் பெயர். பின்அப் என்பது 1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் காலண்டர்களிலும் சஞ்சிகைகளிலும் வந்த பாணி. சிப்பாய்கள் வெட்டியெடுத்துச் சுவரில் ஊசியால் குத்தி வைத்ததால் அந்தப் பெயர். 1943இல் ஃபிராங் பொவோல்னி எடுத்த நடிகை பெற்றி கிறேபிளின் படம், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற அந்தப் படம், இன்றைக்கும் அதற்கு அடையாளம். கில் எல்வ்கிரென் போன்ற ஓவியர்கள் மொடலை ஸ்ரூடியோவில் படம் எடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். வெளிச்சமான முகம், ஒரே நிறப் பின்னணி, காற்றில் பாவாடை பறந்துவிட்டது போன்ற ஒரு குறும்பு: பாணியின் உயிர் இவ்வளவுதான். உடம்பு எவ்வளவு தெரிகிறது என்பது பிறகு வருகிற கேள்வி. பஃப் கை வைத்த சட்டையும் தாவணியும் உடுத்து, ரலி சைக்கிளில் சாய்ந்து நிற்கிற படமும் முழுமையான பின்அப்தான். இது விளங்காமல் படுக்கையறைப் படங்களைப் பார்த்து அப்படியே செய்யப் போவது முதற்பிழை. அதை விளக்காமல் 'பின்அப்' என்று மட்டும் பெயர்ப்பலகையில் எழுதுவது இரண்டாவது. வீதியால் போகிறவர் அந்தச் சொல்லைக் கைபேசியில் தேடினால் என்னென்ன வருமோ. 'பழைய காலண்டர் பாணிப் படங்கள்' என்று எழுதுங்கள்.

தாளுக்கு வருவோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிகிறபோது தொழிலின் தன்மையைப் 'புகைப்படக் கலையகம்' என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். வீட்டிலேயே நடத்தப் போகிறீர்கள் என்றாலும், இடம் எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த மாநகரசபையிலோ பிரதேச சபையிலோ அனுமதி பற்றி விசாரியுங்கள். இது அரை நாள் வேலை. கனக்கப் பேர் கோட்டை விடுவது சம்மதப் படிவத்தில்.

'படங்களைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்' என்று ஒரே வரியில் எழுதி ஒரே கையொப்பம் வாங்குவது ஆகாது. மூன்று தனிக் கேள்விகள் வேண்டும்: அல்பத்துக்கு மட்டுமா, ஸ்ரூடியோவுக்கு வருகிறவர்களுக்குக் காட்டலாமா, இணையத்தில் போடலாமா. ஒவ்வொன்றுக்கும் தனிக் கையொப்பம். படிவம் தமிழில் இருக்கவேண்டும். ஒரு பிரதி அவருக்கு. கையொப்பம் வாங்குகிற நேரமும் முக்கியம். மேக்கப் போட்டு முடிந்து, எல்லோரும் காத்து நிற்கிறபோது நீட்டினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். பதிவு செய்யவந்த அன்றே கொடுத்துவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கட்டும். பின்னர் மனம் மாறினால் எத்தனை நாளுக்குள் படத்தை அகற்றுவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கொடுத்த சம்மதத்தை மீளப்பெறும் உரிமையை ஏற்கிறது.

18 வயது முடியாத ஒருவரை இந்தப் பாணியில் எடுக்கவே வேண்டாம். தாயார் பக்கத்தில் இருந்து சம்மதித்தாலும் வேண்டாம். சாமத்தியவீட்டு அல்பத்துக்கு 'ஒன்றிரண்டு ஸ்ரைலாக' என்று கேட்பார்கள். சேலைப் படத்தோடு நிறுத்துங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் ஆபாசப் படத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவில் குற்றம். எது ஆபாசம், எது இல்லை என்று நீதிமன்றத்தில் நின்று வாதாடுகிற நிலைக்கு ஏன் போவான்? தேசிய அடையாள அட்டை 18க்கு முன்பே கிடைத்துவிடும். ஆகவே அட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, இலக்கத்தை வாசியுங்கள். புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும், பழையதில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு.

அடுத்தது படம் கைமாறுகிற வழிகள். படம் எடுத்த கமரா அட்டை, திருத்துகிறவரின் கணினி, பிரின்ற் கடைக்குக் கொண்டுபோன பென்டிரைவ், தெரிவுக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி: ஒரு படத்துக்குக் குறைந்தது நான்கு பிரதி. கசிவது பெரும்பாலும் மூன்றாவதில். கடைக் கணினியில் இழுத்துப் போட்ட கோப்பு அழிக்கப்படாமல் கிடக்கும். பிரின்ற் முடியும்வரை நின்று, கண் முன்னே அழிப்பித்து, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டு வாருங்கள். மாதம் இருபது முப்பது பெரிய பிரதிகள் போகத் தொடங்கினால் சொந்தமாக ஒரு போட்டோ பிரின்ரர் வாங்குவதே நல்லது. அல்பம் கையளித்து 60 நாளில் மூலப் படங்களை அழிப்பதாகப் படிவத்தில் சொல்லி, சொன்னபடி அழியுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மணப்பெண் படத்தை வைக்கிற பழைய ஸ்ரூடியோ வழக்கத்தை இங்கே கொண்டுவரவேண்டாம். காட்சிக்கு வைக்க, காசு கொடுத்து, எழுத்தில் உடன்பட்டு எடுத்த இரண்டு மூன்று பேரின் படங்கள் போதும்.

உடை மாற்றுகிற அறைக்கு உள்ளிருந்து பூட்டுகிற தாழ்ப்பாள் வேண்டும். யன்னல் இருந்தால் அடைத்துவிடுங்கள். கண்காணிப்புக் கமரா வாசலோடு நிற்கட்டும். படம் எடுக்கிற நேரம் முழுக்க ஒரு பெண் உதவியாளர் அறையில் இருக்கவேண்டும். வருகிறவர் தோழியையோ அக்காவையோ கூட்டிவர விரும்பினால் இடம் கொடுங்கள். கூட வந்தவரின் கைபேசி மட்டும் வெளி மேசையில்.

இனி அறை. வாடகைக்குப் பார்க்கப் போகிறபோது அளவுநாடாவோடு போங்கள். முழு உருவப் படத்துக்கு மேலும் கீழும் இடம் விட்டு 2.2 மீற்றர் உயரத்தைப் படத்தின் எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். பெரிய சென்சர் உள்ள ஃபுல்பிரேம் கமராவில் 85 மி.மீ. லென்ஸ் போட்டால் அதற்கு ஏறத்தாழ 17 அடி தள்ளி நிற்கவேண்டும். மொடலுக்கும் பின்னணிக்கும் இடையில் 5 அடி, உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டரை அடி. மொத்தம் 24 அடிக்கு மேல். 50 மி.மீ. என்றால் பதினேழரை அடி. சின்ன சென்சர் கமராவில் 35 மி.மீ. போட்டால் பதினெட்டரை. நமது பக்கத்தில் வாடகைக்குக் கிடைக்கிற 12க்கு 14 அறையில் இவற்றில் எதுவும் நடக்காது. நடத்தியே தீருவேன் என்று 24 மி.மீ. லென்ஸைப் போட்டு நெருங்குவார்கள். கமராவுக்குக் கிட்ட இருக்கிற கை ஊதும், தலை சுருங்கும். அந்தக் கோணலைக் கணினியில் நிமிர்த்திக்கொண்டிருக்க வாழ்நாள் போதாது.

பின்னணியிலிருந்து 5 அடி எதற்கு என்று கேட்பார்கள். ஒட்டி நின்றால் உடம்பின் நிழல் சுவரில் விழும். சிவப்பு, ஆகாய நீலப் பின்னணியின் நிறம் தோலில் தெறிக்கும்.

உயரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கண் மட்டத்துக்கு 50, 60 சென்ரிமீற்றர் மேலே ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்குகிற 90 சென்ரிமீற்றர் துணிப்பெட்டியை, அதாவது சொப்ற்பொக்ஸைத் தொங்கவிட, தரையிலிருந்து 2.6 மீற்றர் வேண்டும். 8 அடியில் சீற் அடித்த சீலிங் 2.44 மீற்றர். அங்கேயே கதை முடிந்தது. 10 அடி பிளேற் போதும். ஓட்டுக்கூரை போட்ட பழைய நாற்சார் வீட்டின் விறாந்தையோ மண்டபமோ கிடைத்தால் விடவேண்டாம். உயரமும் இருக்கும், சிவப்புச் சீமெந்துத் தரை சும்மா கிடைத்த பின்னணி. பச்சை, ரோசா பெயின்ற் அடித்த சுவர் இருந்தால் மங்கல் சாம்பலோ மங்கல் வெள்ளையோ அடித்துவிட்டுத் தொடங்குங்கள். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் தாடைக்குக் கீழே தங்கும், வைற் பலன்ஸ் மாற்றினாலும் போகாது.

பின்னணிக் கடதாசிச் சுருள் 2.72 மீற்றர் அகலம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிறபோது நடுவில் மடிந்தால் மடிப்பு அப்படியே படத்தில் விழும். பி.வி.சி. குழாய்க்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் நிமிர்த்தி, நிலத்திலிருந்து அரை அடி உயர்த்தி வையுங்கள். கறையானுக்கும் மாரி ஈரத்துக்கும் நிலத்தில் கிடக்கிற சுருள்தான் விருப்பம். 8க்கு 4 பிளைவூட் இரண்டைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, பொருத்தைப் பட்டி பார்த்து மங்கல் பெயின்ற் அடித்தால் அதைவிட மலிவு.

லைற்றில் செய்கிற பிழை, கனக்க வாங்குவது. 300 அல்லது 400 வாற்-செக்கன் ஃபிளாஷ் இரண்டும், வெளிச்சத்தைத் திருப்பியடிக்க ஒரு பெரிய வெள்ளை ரெஜிபோம் பலகையும் போதும். முதல் ஃபிளாஷ் முகத்துக்கு நேர் முன்னே, மேலிருந்து. மூக்கின் கீழ் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சின்ன நிழல் விழும். அது மேலுதட்டைத் தொட்டால் லைற் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது, நிழலே இல்லையென்றால் பதிந்துவிட்டது. ரெஜிபோமை இடுப்பு மட்டத்தில் மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குக் கீழ்க் கருமை போகும். இரண்டாவது ஃபிளாஷ் பின்னணிக்கு மட்டும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஷட்டர் 1/160 வைத்து, ஃபிளாஷை நிறுத்திவிட்டு ஒரு படம் எடுங்கள். படம் கறுப்பாக வரவேண்டும். எதாவது தெரிந்தால் யன்னலோ அறை பல்ப்போ கலக்கிறது. 1/200க்கு மேல் ஷட்டரைக் கூட்டினால் பல கமராக்களில் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். லைற் பழுது என்று கடைக்குக் கொண்டுபோகவேண்டாம்.

இடி மழைக் காலத்தில் கறண்ட் நம்பிக்கையில்லை. கணினிக்கு வைக்கிற சின்ன யு.பி.எஸ்.இல் ஸ்ரூடியோ ஃபிளாஷைக் கொளுவினால், சார்ஜ் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அது கத்தும், பிறகு நின்றுவிடும். பற்றரி ஃபிளாஷ் விலை கூட, ஆனால் கொடொக்ஸ் ஏடி400 புரோ போன்றவை ஒரு சார்ஜில் முழு வலுவில் சுமார் 390 தடவை அடிக்கும். ஒரு பின்அப் அமர்வுக்கு அதுவே அதிகம்.

முகத்தில் விடுகிற பிழைகள் தனி ரகம். வெளுப்பாக்குவது அதில் பெரியது. மாநிறத்தை வெளுப்பாக்க எக்ஸ்போஷரைக் கூட்டினால் முதலில் போவது சேலையின் நெய்தலும் பூவின் விளிம்பும். தோலுக்குச் சரியாக அளந்து, மினுக்கத்தை வைத்து வடிவத்தைக் காட்டுங்கள். எஸ்.பி.எஃப். உள்ள ஃபவுண்டேசனில் இருக்கிற டைற்றேனியம் டையொக்சைட்டும், நுண்ணிய சிலிக்கா பவுடரும் ஃபிளாஷ் பட்டதும் வெள்ளையாகத் தெறிக்கும். கண்ணாடியில் தெரியாது, படத்தில் மாப்பூசின மாதிரி வரும். மேக்கப் முடிந்ததும் உடை மாற்ற முன் ஒரு ஃபிளாஷ் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

தலைமுடி: நெற்றிக்கு மேல் சுருட்டி வைக்கிற அந்தக் காலச் சுருள் எண்ணெய் வைத்த தலையில் நிற்காது. எத்தனை கிளிப் குத்தினாலும் பத்து நிமிடத்தில் வழுகி இறங்கும், உச்சியில் வெள்ளைப் புள்ளியாக லைற் மின்னும். முதல் நாளே எண்ணெய் போகத் தோய்ந்து, அதற்குப் பிறகு எதுவும் வைக்காமல் வரச் சொல்லுங்கள். பதிவுச் சீட்டில் தடித்த எழுத்தில் அடித்துவிடுவது நல்லது, வாயால் சொன்னால் அம்மா 'கொஞ்சம்தானே' என்று வைத்துவிடுவார்.

நிற்கிற விதத்தில் ஒன்றே ஒன்று. முழு உருவத்தைக் கண் மட்டத்திலிருந்து எடுத்தால் கால் குறுகும். கமராவை இடுப்பு மட்டத்துக்கு இறக்குங்கள். பாரத்தைப் பின்காலில் போட்டு, முன்கால் பெருவிரலை மட்டும் நிலத்தில் வைக்கச் சொல்லுங்கள். சேலைக்குள்ளும் வளைவு தெரியும்.

பொருட்களில் காசைக் கொட்டவேண்டாம். அமெரிக்கக் கடையைப் போல் அறையை நிரப்ப இணையத்தில் பிளாஸ்ரிக் சாமான் வாங்குகிறார்கள். அதே காலத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் இன்றும் யாழ்ப்பாண வீதிகளில் ஓடுகின்றன. அரை நாள் வாடகைக்குப் பேசுங்கள். வெயிலில் எடுப்பதென்றால் ஃபுளோரிடாவில் பின்அப் படம் எடுத்த பனி யேகர் (Bunny Yeager) என்ற பெண் செய்ததைச் செய்யுங்கள்: பகல் வெளிச்சத்திலும் ஃபிளாஷ். வெயில் முதுகுப் பக்கம், ஐ.எஸ்.ஓ. 100, 1/200, எஃப் 11. முகத்துக்கு ஃபிளாஷ் எஃப் 8 அளவில். காரின் குரோம் பட்டையில் நீங்களே தெரிகிறீர்களா என்று ஒருக்கால் பாருங்கள்.

விலையைக் கலியாணவீட்டுக் கணக்கில் போடுவதும் பிழை. மேக்கப் ஒன்றரை மணி, படமெடுப்பு ஒன்றரை மணி, தெரிந்த 8 படத்தைத் திருத்த ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம்: ஒரு ஆளுக்கு எட்டு மணி இருபது நிமிடம் போய்விடும். 'நூறு படம் தருவேன்' என்று சொன்னால் இரவில் நித்திரை இல்லை. எட்டைச் சொல்லி, அந்த எட்டுக்கும் விலை வையுங்கள். வெளிநாட்டுக்காரர் ஆடி, ஆவணியில் விடுமுறைக்கு வருவார்கள், பறக்கிற நாளுக்கு முதல்நாள் அல்பம் கேட்பார்கள். முற்பணமும் கையளிப்புத் திகதியும் எழுத்தில் இல்லாமல் நாளைக் குறிக்கவேண்டாம்.

இனிக் கமரா. 12க்கு 18 அங்குலப் பிரதியை அங்குலத்துக்கு 300 புள்ளியில் அடிக்க 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். பழைய 24 மெகாபிக்சல் கமராவே அதற்குத் தாராளம், இரண்டாம் கையாக வாங்கலாம். வாங்க முன் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கைபேசி ரோச்சைப் பின்பக்கத்தால் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி நூல் தெரிந்தால் பங்கசு. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வாங்கியதைத் தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டினால் கார்த்திகை மழைக்குள் உங்களுடையதிலும் அதே நூல் ஓடும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டி, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கவேண்டும். செம்மஞ்சள் ஜெல் கரும்பச்சையானால் 120 பாகையில் ஒரு மணித்தியாலம் அவணில் வைத்து எடுங்கள், நிறம் திரும்பும்.